சிக்னலில் ஏறும் முள்: கார் இன்ஜின் சூடானால் எங்கிருந்து தேடுவது?

கார் ஓடும்வரை ஏசி நன்றாகக் குளிர்கிறது. சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் வெதுவெதுப்பான காற்று வருகிறது. பச்சை விழுந்து வண்டி நகர்ந்ததும் மறுபடி குளிர்கிறது. மே மாத வெயிலில் சென்னையிலோ மதுரையிலோ கார் ஓட்டுகிறவர்கள் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. வண்டி பெரும்பாலும் ஏசி கடைக்குத்தான் போகும். கேஸ் நிரப்பித் தருவார்கள். சில வாரம் கழித்து, ஒரு நீண்ட நெரிசலில் வெப்பநிலை முள் சிவப்புக் கோட்டைத் தொடும். கோளாறு ஏசியில் இல்லை, ஏசிக்கும் ரேடியேட்டருக்கும் சேர்த்துக் காற்று இழுத்துத் தரும் ஃபேனில்தான் என்பது அப்போதுதான் தெரியவரும்.

இன்ஜின் சூடாகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் விட்டால் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகும் முள் இறங்குவதில்லை. வண்டி எவ்வளவு சூடாகிறது என்று பார்ப்பவர்கள், எப்போது சூடாகிறது என்று கேட்பதில்லை. நிற்கும்போது சூடானால் பெரும்பாலும் காற்றுக் கோளாறு. வேகமாக ஓடும்போது சூடானால் பெரும்பாலும் தண்ணீர்க் கோளாறு. இதை முதலில் பிரித்துக்கொண்டாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். ஏன் அப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## வெப்பம் எங்கே போகிறது?

பெட்ரோல் எரிந்து கிடைக்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே புகையோடு போய்விடும். மிச்சத்தின் பெரும்பகுதியை இன்ஜினுக்குள் ஓடும் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் சுமக்க வேண்டும். எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் இருக்கும் வாயு 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகும். சிலிண்டர்களை மேலிருந்து மூடும் சிலிண்டர் ஹெட்டை வார்க்கும் அலுமினியக் கலவைகள் அதற்கும் முன்பே இளகத் தொடங்கிவிடும். கூலண்ட் ஓட்டம் சில நிமிடம் நின்றாலே ஹெட் வளைந்துபோவது இதனால்தான்.

ஓட்டத்தின் பாதை எளிமையானது. வாட்டர் பம்ப் கூலண்டை இன்ஜின் பிளாக்குக்குள் தள்ளுகிறது. அது சிலிண்டர்களைச் சுற்றி, ஹெட் வழியாக ஏறி, தெர்மோஸ்டாட்டுக்கு வருகிறது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்; கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியே இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். மாடலைப் பொறுத்து 82 முதல் 88 டிகிரிக்குள் தெர்மோஸ்டாட்டில் உள்ள மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். பிறகு சூடான கூலண்ட் மேல் ஹோஸ் வழியே ரேடியேட்டருக்குள் இறங்கி, மெல்லிய குழாய்களில் ஓடி, காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, கீழ் ஹோஸ் வழியே பம்புக்குத் திரும்பும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். ஹோஸைத் தொட்டுப் பார்த்து முடிவெடுக்கும் முன் உங்கள் வண்டியில் அது எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வது நல்லது.

இந்தச் சுற்றில் பலர் கவனிக்காத ஒரு பாகம் உண்டு.

## சிறிய மூடி செய்யும் பெரிய வேலை

ரேடியேட்டர் மூடி வெறும் மூடியல்ல, அது ஓர் அழுத்த வால்வு. பல கார்களில் அதன் மேல் 0.9, 1.1 என்று ஏதாவது எண் பொறித்திருக்கும். வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட அத்தனை பார் அதிகமாக உள்ளே தேங்கவிடும் என்று அதற்குப் பொருள். அழுத்தம் கூடினால் கொதிநிலை ஏறும். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 1 பார் கூடுதல் அழுத்தத்தில் 120 டிகிரிவரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் எட்டு, பத்து டிகிரி தாங்கும்.

மூடியின் ரப்பர் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை ஊட்டியை வைத்துப் பார்க்கலாம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பல கார்களில் ஃபேன் ஓடத் தொடங்குவதோ 95 டிகிரிக்கு மேல். ஆக, வெறும் தண்ணீர் ஊற்றிய, மூடி கெட்ட ஒரு கார் கல்லட்டி மலைப்பாதையில் ஏறி ஊட்டிக்குள் நுழையும்போது, ஃபேன் ஓட வேண்டிய வெப்பநிலை வருமுன்பே தண்ணீர் கொதித்துப் பொங்கிவிடும். "தண்ணி கொதிக்குது, ஃபேன் ஓடலை" என்று ஃபேனைக் கழற்றுவார்கள். ஃபேன் நன்றாகத்தான் இருக்கும். 1 பார் தாங்கும் நல்ல மூடி போட்டால் அதே ஊட்டியில் அதே தண்ணீர் ஏறத்தாழ 116 டிகிரிவரை கொதிக்காமல் நிற்கும்.

இந்த மூடியில் எதிர்த்திசையில் திறக்கும் இன்னொரு சிறு வால்வும் உண்டு. இன்ஜின் ஆறும்போது கூலண்ட் சுருங்கும். ரிசர்வ் டேங்கிலிருந்து திரும்ப உறிஞ்சிக்கொள்ள அந்த வால்வு வழிவிடும். அது அடைத்துக்கொண்டால், காலையில் பானெட்டைத் திறக்கும்போது மேல் ஹோஸ் சப்பிப்போய் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்தால் முதலில் மாற்ற வேண்டியது மூடியை.

## ஃபேன் எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்?

வண்டி மணிக்கு 40, 50 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது முன்பக்கக் கிரில் வழியே நுழையும் காற்றே பெரும்பாலும் போதும். ஃபேன் தேவைப்படுவது நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும்தான். அம்பாசடர் போன்ற பழைய கார்களில் இன்ஜினே பெல்ட் மூலம் ஃபேனைச் சுழற்றியது. இன்ஜின் ஓடினால் ஃபேனும் ஓடும், அதில் சோதிக்கப் பெரிதாக எதுவும் இல்லை. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இல் இன்ஜின் குறுக்குவாட்டில் வைக்கப்பட்டிருந்தது. பெல்ட் பக்கம் சக்கரத்தைப் பார்த்தபடி இருந்ததால் ரேடியேட்டருக்குப் பின்னால் மின்விசிறிதான் வைக்க முடிந்தது. இன்றைக்கு ஓடும் சிறிய கார்கள் கிட்டத்தட்ட எல்லாமே அப்படித்தான்.

மின்விசிறி வந்ததால் எரிபொருள் மிச்சமானது, இன்ஜினும் சீக்கிரம் சூடேறியது. கூடவே ஒரு நீண்ட சங்கிலியும் வந்து சேர்ந்தது. கூலண்ட் வெப்பநிலை சென்சார், அதைப் படிக்கும் ஈசியு என்ற இன்ஜின் கணினி, ஈசியு உத்தரவிட்டால் மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான ரிலே, ரிலேக்கு மின்சாரம் தரும் ஃபியூஸ், வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர், மோட்டார், கடைசியாக எர்த் ஒயர். ஏழில் எது கெட்டாலும் வெளியே தெரியும் அறிகுறி பெரும்பாலும் ஒன்றுதான்: ஃபேன் ஓடவில்லை. ஆகவே ஃபேன் ஓடாத காரில் ஃபேன் மோட்டாரைத்தான் மாற்ற வேண்டும் என்று முடிவுகட்டுவது, பல்பு எரியவில்லை என்றதும் சுவிட்சையும் ஃபியூஸையும் பார்க்காமல் பல்பை மாற்றுவதைப் போன்றது.

பொதுவான ஏற்பாடு இது. 95 டிகிரியை ஒட்டி ஃபேன் மெதுவான வேகத்தில் ஓடத் தொடங்கும். 100-ஐத் தாண்டினால் முழு வேகத்தில் ஓடும். சில டிகிரி இறங்கியதும் நின்றுவிடும். சரியான எண் மாடலுக்கு மாடல் மாறும். ஏசி போட்டால் இன்ஜின் சூடாக இல்லாவிட்டாலும் பெரும்பாலான கார்களில் ஃபேன் ஓடும். ஏசி கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்பதால் அதற்கும் அதே காற்று வேண்டும். சிக்னலில் ஏசி குளிரவில்லை என்பது ஃபேன் கோளாறின் முதல் எச்சரிக்கையாக இருப்பது இதனால்தான். இன்ஜினுக்குள் பல லிட்டர் கூலண்ட் இருக்கிறது. அது சூடேற நேரமாகும். கண்டென்சருக்கு அந்த இருப்பு இல்லை, காற்று நின்றதும் கேஸின் அழுத்தம் ஏறிவிடும்.

## எப்போது சூடாகிறது?

இதற்கான பதிலை ஓட்டுகிறவர்தான் தர முடியும். மெக்கானிக்கிடம் போகும் முன் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. நெரிசலில் சூடாகிறது, நெடுஞ்சாலையில் இறங்கிவிடுகிறது. காற்றுக் கோளாறு. ஃபேன், அதன் மின்சுற்று, அல்லது காற்றை மறைக்கும் அழுக்கு.

2. நெரிசலில் சரியாக இருக்கிறது, நெடுஞ்சாலையில் 90, 100-இல் போனால் ஏறுகிறது. தண்ணீர்க் கோளாறு. ரேடியேட்டரின் உட்குழாய்கள் அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் பாதிதான் திறக்கலாம், பம்பின் இறக்கைகள் அரித்துப்போயிருக்கலாம். இன்னொன்றையும் பாருங்கள்: கீழ் ஹோஸ் பம்பின் உறிஞ்சும் பக்கம் இருக்கிறது, பழைய, தளர்ந்த ஹோஸ் இன்ஜின் வேகம் கூடும்போது உள்வாங்கிச் சப்பி ஓட்டத்தை அடைக்கும். நின்ற வண்டியில் ஆக்சிலரேட்டரை ஏற்றும்போது அந்த ஹோஸைப் பார்த்தாலே தெரியும்.

3. காலையில் ஸ்டார்ட் செய்த ஐந்தாறு நிமிடத்திலேயே சிவப்புக்குப் போகிறது. தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம், உள்ளே காற்று சிக்கி ஏர் லாக் ஆகியிருக்கலாம், கூலண்ட் மிகவும் குறைந்திருக்கலாம், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். வண்டியை ஓட்டாதீர்கள்.

4. எவ்வளவு ஓட்டினாலும் முள் பாதிக்கு வரவில்லை, மைலேஜும் குறைகிறது. தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது யாரோ கழற்றி எறிந்துவிட்டார்கள்.

5. மலையேறும்போது மட்டும் சூடாகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை முதல், இரண்டாம் கியரில் ஏசியோடு ஏறும்போது வெப்பம் உச்சத்தில் இருக்கும், காற்றோ குறைவாக வரும். சமவெளியில் தெரியாத சிறு குறைகள் எல்லாம் அங்கே ஒன்றுசேர்ந்து வெளிப்படும். காற்று, தண்ணீர் இரண்டு பக்கமும் சோதிக்க வேண்டிய நிலை இது ஒன்றுதான்.

முள்ளையும் முழுதாக நம்ப முடியாது. ஏறத்தாழ 75-லிருந்து 105 டிகிரிவரை நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி பல கார்களில் அதை அமைத்திருக்கிறார்கள், ஓட்டுநர் வீணாகப் பதறக் கூடாது என்பதற்காக. முள் நகரத் தொடங்கும்போது நிலைமை ஏற்கெனவே முற்றியிருக்கும். பல சிறிய கார்களில் முள்ளே கிடையாது. நீலம், சிவப்பு என்று விளக்குதான். முள்ளை எடுத்துவிட்டது தவறான முடிவு என்றே சொல்ல வேண்டும். ஈசியுவின் தகவல்களைப் படிக்கும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஓபிடி கருவியை (ஸ்கேனர்) ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, கைபேசியில் உண்மையான டிகிரியைப் பார்க்கலாம். அந்தச் செலவு வீண்போகாது.

## ஃபேன் ஓடவில்லை: படிப்படியாகச் சோதிப்பது

முதலில் எச்சரிக்கை. இன்ஜினை அணைத்த பிறகும் சில கார்களில் ஃபேன் தானாக ஓடத் தொடங்கும். கையை அருகில் கொண்டுபோகும் முன் சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விலகிய கணத்தில் உள்ளே இருப்பது கொதித்து, ஆவியோடு பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

1. இன்ஜின் முழுதும் ஆறியிருக்கும்போது கூலண்ட் அளவைப் பாருங்கள். ரிசர்வ் டேங்க் நிறைந்திருப்பதை மட்டும் வைத்து முடிவுசெய்யாதீர்கள். தனி மூடி உள்ள ரேடியேட்டரானால் அதைத் திறந்து உள்ளேயும் பாருங்கள். சென்சார் கூலண்டில் மூழ்கியிருந்தால்தான் வெப்பம் அதற்குத் தெரியும். அளவு குறைந்து சென்சாரைச் சுற்றி வெறும் ஆவி நின்றால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போது ஈசியு எல்லாம் சரி என்று நினைத்து ஃபேனை ஓட்டாது.

2. இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசியை முழுக் குளிரில் வையுங்கள். சில நொடிகளில் ஃபேன் ஓடினால் மோட்டார் பிழைத்தது. தேட வேண்டியது சென்சார் பக்கம், அல்லது சூடான கூலண்ட் அதற்கு வந்து சேராத காரணத்தை. ஓடாவிட்டால் மின்சுற்றுப் பக்கம் போங்கள். ஏசியில் கேஸ் அறவே இல்லாவிட்டால் கம்ப்ரஸர் ஓடாது, அதனால் ஃபேனும் ஓடாமல் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். ரேடியேட்டருக்கு ஒன்று, கண்டென்சருக்கு ஒன்று என்று இரண்டு ஃபேன் உள்ள வண்டியில் இரண்டையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும்.

3. பானெட்டுக்குள் உள்ள ஃபியூஸ் பெட்டியில் ஃபேனுக்கான ஃபியூஸ் பெரியதாக இருக்கும். பெரும்பாலும் 30 அல்லது 40 ஆம்பியர். போயிருந்தால் புதியது போட்டு அதோடு விட்டுவிடாதீர்கள். பேரிங் இறுகி மோட்டார் அதிக மின்சாரம் இழுத்ததால் போயிருக்கலாம். அதைவிடப் பெரிய ஃபியூஸ் போடுவது தீவிபத்துக்கு வழி.

4. ரிலேயை, அதே எண் பொறித்த வேறொரு ரிலேயோடு இடம் மாற்றிப் போடுங்கள். பல கார்களில் ஹாரன் ரிலே அதே வகையாக இருக்கும். ஃபேன் ஓடி ஹாரன் ஊமையானால் கோளாறு எது என்று தெரிந்துவிட்டது. டிக் என்ற சத்தம் கேட்பதால் மட்டும் ரிலே நல்லது என்று ஆகாது. சுருள் இழுக்கிறது என்றுதான் பொருள், உள்ளே தொடுமுனை கருகியிருக்கலாம். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் 85, 86 முனைகளுக்கு நடுவே சுருளின் ஓம் அளவையும், 30-ஆம் முனைக்கு பேட்டரி மின்சாரம் வருகிறதா என்பதையும் பார்க்கலாம். 87 வழியாகத்தான் ஃபேனுக்குப் போகிறது.

5. ஃபேன் கனெக்டரைக் கழற்றி உற்றுப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருந்தால், அங்கே தொடுமுனை தளர்ந்து சூடேறியிருக்கிறது, அல்லது மோட்டார் தேய்ந்து அதிக மின்சாரம் இழுக்கிறது. ஃபேன் ஓட வேண்டிய நேரத்தில் அந்த முனையில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க, மல்டிமீட்டரைவிட ஹெட்லைட் பல்பு இணைத்த ஒரு டெஸ்ட் லேம்ப் நம்பகமானது. ஒரே ஓர் இழை மட்டும் மிஞ்சிய ஒயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். பல்பு பிரகாசமாக எரியாது. இழுக்க வேண்டிய சுமையோடு சோதித்தால்தான் ஒயரின் உண்மை நிலை தெரியும்.

6. எர்த். கடலோர ஊர்களில் இது முதல் சந்தேகமாகவே இருக்க வேண்டும். ஃபேன் ஓடும்போது மோட்டாரின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போல்ட் துருப்பிடித்திருக்கிறது. கழற்றி, சுரண்டி, இறுக்கினால் போதும்.

7. மின்சாரமும் எர்த்தும் சரியாக இருந்தும் ஓடாவிட்டால் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். ஃபியூஸ் வைத்த தடிமனான ஒயரால் பேட்டரியிலிருந்து நேரடியாகக் கொடுத்துப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் பிடியால் மெல்லத் தட்டியதும் ஓடத் தொடங்கினால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. இன்றைக்கு ஓடும், நாளைக்கு ஓடாது. கையால் இறக்கையைச் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். கரகரத்தால் பேரிங் போய்விட்டது. வேகத்தைப் படிப்படியாக மாற்றும் எலக்ட்ரானிக் மாட்யூல் வைத்த ஃபேனில் இந்த நேரடி இணைப்பைச் செய்யக் கூடாது, மாட்யூல் எரிந்துவிடும்.

8. சென்சார். ஒயர் கழன்றால் பல கார்களின் ஈசியு பாதுகாப்புக்காக ஃபேனை உடனே ஓட்டும். இன்ஜின் ஓடும்போது சென்சார் பிளக்கைக் கழற்றி ஃபேன் ஓடினால், ஈசியு முதல் மோட்டார்வரை சங்கிலி முழுதும் சரி, சென்சார்தான் பொய் சொல்கிறது. இந்தச் சென்சார் சூடேறச் சூடேற மின்தடை குறையும் வகை: பொதுவாக 20 டிகிரியில் 2,500 ஓம் அளவில் இருப்பது 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு இறங்கும். அதிகாலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் ஸ்கேனரில் பார்த்தால் கூலண்ட் வெப்பநிலை வெளிக்காற்றின் வெப்பநிலையோடு ஒத்துப்போக வேண்டும். 28 டிகிரிக் காலையில் 10 என்றோ 50 என்றோ காட்டினால் சென்சாரை மாற்றுங்கள்.

ஸ்கேனரில் வரும் குறியீடுகளில் சில பொதுவானவை. பி0117, பி0118 இரண்டும் சென்சாரின் மின்சுற்றைக் குறிக்கும்; பி0128 தெர்மோஸ்டாட் திறந்தபடி இருப்பதைச் சுட்டும்; பி0480 ஃபேனின் கட்டுப்பாட்டுச் சுற்று. குறியீடு தேட வேண்டிய சுற்றைத்தான் காட்டும். பி0480 வந்தால் ஃபேனை மாற்று என்று பொருளல்ல. ரிலே சுருள் அறுந்தாலும் அதேதான் வரும்.

ரெசிஸ்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஆளை ஏமாற்றும். ரெசிஸ்டர் எரிந்தால் மெதுவான வேகம் மட்டும் போய்விடும், முழு வேகம் இருக்கும். ஃபேன் வழக்கத்தைவிடத் தாமதமாக, திடீரென்று பெரும் இரைச்சலோடு ஓடும். "ஃபேன் நல்லா ஓடுதே, எவ்வளவு சத்தம் பாருங்க" என்று திருப்தியடைந்துவிடுவார்கள். உண்மையில் ஒவ்வொரு சிக்னலிலும் இன்ஜின் பத்து டிகிரி கூடுதலாகச் சூடேறிய பிறகே அந்த இரைச்சல் வருகிறது. ஏசி சிக்னலில் குளிராமல் போவதற்கு இதுவும் ஒரு வழக்கமான காரணம்.

பொலேரோ, ஸ்கார்ப்பியோ, இன்னோவா போன்ற, இன்ஜின் நெடுக்குவாட்டில் அமைந்த டீசல் வண்டிகள் பலவற்றில் விஸ்கஸ் ஃபேன் இருக்கும். பெல்ட் சுழற்றும் ஃபேனுக்கு நடுவே சிலிகான் எண்ணெய் நிரப்பிய கிளட்ச். சூடேறினால் பிடிக்கும், ஆறினால் வழுக்கும். நன்றாகச் சூடேறிய இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியை எடுத்தபின் இறக்கையைத் தள்ளிப் பார்த்தால் கனமாகத் தடுக்க வேண்டும். தள்ளிவிட்டதும் பல சுற்று தானாகச் சுற்றினால் எண்ணெய் கசிந்துவிட்டது.

## ஃபேன் ஓடுகிறது, ஆனாலும் சூடு

ஒரு தாளை கிரிலுக்கு முன்னால் பிடியுங்கள். முழு வேகத்தில் ஓடும் ஃபேன் அதை உள்பக்கம் இழுத்து ஒட்டவைக்க வேண்டும். தாள் வெளியே தள்ளப்பட்டால், மோட்டார் மாற்றியவர் ஒயரை மாற்றி இணைத்திருக்கிறார். ஃபேன் எதிர்த்திசையில் சுற்றுகிறது. நெடுஞ்சாலையில் அது உள்ளே வரும் காற்றோடு மல்லுக்கட்டும். தாள் இழுபடவே இல்லை என்றால் ரேடியேட்டர், கண்டென்சர் குழாய்களுக்கு நடுவே உள்ள மெல்லிய தகடுகளான துடுப்புகள் அடைத்திருக்கின்றன. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள குறுகிய இடத்தில் பூச்சி, மண், பஞ்சு எல்லாம் சேர்ந்து ஒரு போர்வை போலப் படிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடிக்க வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராக வைத்து அடித்தால் மெல்லிய துடுப்புகள் மடிந்து காற்று நிரந்தரமாக அடைபடும். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூண்டு உடைந்து எறியப்பட்டிருந்தாலும், ஃபேன் தன் பின்னால் உள்ள காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும்.

## நம் ஊர்ப் பழக்கங்கள் மூன்று

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது முதலாவது. "நம்ம ஊரு வெயிலுக்கு அது தேவையில்லை" என்ற பேச்சு பல பட்டறைகளில் உண்டு. வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும், இன்ஜின் 90 டிகிரியில் ஓடுமாறுதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கழற்றிவிட்டால் நெடுஞ்சாலையில் இன்ஜின் குளிர்ந்தே ஓடும். ஈசியு கூடுதல் பெட்ரோல் விடும். எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து சிலிண்டர் தேயும். இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும். அதை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். கூலண்டின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே குறுக்கு வழியில் சுற்றும். சூட்டைக் குறைக்கக் கழற்றிய அதே வண்டி கனமான ஏற்றத்தில் முன்பைவிட அதிகமாகச் சூடாகும்.

இரண்டாவது, போர் தண்ணீர். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் பைகார்பனேட்டுகள் சூடேறியதும் சுண்ணாம்பாகப் படியும். தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் பார்க்கும் அதே வெள்ளைப் படிவுதான். இன்ஜினில் மிகச் சூடான இடம் ஹெட். அங்கேதான் முதலில் படியும். உப்புத் தண்ணீரின் குளோரைடு அலுமினியத்தைப் பொத்தலாக்கும். கலக்க வேண்டுமானால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். கூலண்டின் நிறத்தைப் பார்த்து ஒன்றோடொன்று கலப்பதும் தவறு. நிறம் வெறும் சாயம்; உள்ளே உள்ள துருத்தடுப்பு வேதிப்பொருள் எந்த வகை என்பதை வண்டியின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஃபேனை "டைரக்ட்" கொடுப்பது. டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து, மெல்லிய ஒயரில், ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் இணைத்துவிடுகிறார்கள். ஃபேன் மோட்டார் மாடலைப் பொறுத்து 10, 20 ஆம்பியர் இழுக்கும். சாதாரண சுவிட்சும் மெல்லிய ஒயரும் அந்த மின்சாரத்தைத் தாங்காது. நடுவழியில் வீடு சேர ஒருநாள் உதவும் ஏற்பாடாக இருக்கலாம். அதையே நிரந்தரமாக்கினால் சென்சாரோ ரிலேயோ கெட்ட மூலக் காரணம் அப்படியே இருக்க, ஒயர் தீப்பிடிக்கும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்.

## ஹெட் கேஸ்கட் போனதா?

கூலண்ட் குறைந்துகொண்டே போகிறது, தரையில் சொட்டு இல்லை என்றால் இதைப் பார்க்க வேண்டும். முதலில் வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையைப் பாருங்கள். சூடான இன்ஜினில் கசிவு உடனே ஆவியாகி வெள்ளைக் கறை மட்டும் மிஞ்சும். அதுவும் இல்லாவிட்டால்: ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், கூலண்ட் இன்னும் ஆறியிருக்கும்போதே மேல் ஹோஸ் கல்லைப் போல இறுகினால் சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் நுழைகிறது. ஆயில் மூடிக்கு உள்ளே மோர் போன்ற படிவு, சைலன்சரில் இன்ஜின் சூடேறிய பிறகும் நிற்காத வெள்ளைப் புகை ஆகியவையும் அறிகுறிகள். உறுதிசெய்ய ஒரு வேதிச் சோதனை இருக்கிறது: ரேடியேட்டரின் வாயில் நீல நிறத் திரவம் உள்ள குழாயை வைத்து ஆவியை உறிஞ்சுவார்கள், எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். ஹெட்டைக் கழற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் முதலில் இந்தச் சோதனையைக் கேளுங்கள். ஹெட் கழற்றும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை.

## வழியில் முள் ஏறினால்

ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் வையுங்கள். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான். வெயிலில் தாங்க முடியாத சூடாக இருக்கும், ஆனால் இன்ஜினின் வெப்பத்தில் ஒரு பகுதியை அது வெளியே எடுக்கும். பாதுகாப்பான இடம் கிடைத்ததும் நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் "அடுத்த பங்க் வரைக்கும்" என்று ஓட்டக் கூடாது.

ஆவி பறந்துகொண்டிருக்கும்போது முள் திடீரென்று கீழே இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள். கூலண்ட் முழுதும் கொட்டிப்போய், சென்சார் வெறுங்காற்றில் நிற்பதால் அப்படிக் காட்டும். இன்ஜின் எரிந்துபோவது பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். மேல் ஹோஸை அழுத்திப் பார்த்து அது தளர்வாக இருந்தால் மட்டும் மூடியைத் துணியால் மூடி மெதுவாகத் திறங்கள். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம். இக்கட்டான நேரத்தில் குடிதண்ணீர் ஊற்றுவதில் தவறில்லை. ஊர் சேர்ந்ததும் அதை முழுதாக வடித்துவிட்டுச் சரியான கூலண்ட் நிரப்ப வேண்டும்.

நிரப்புவதிலும் ஒரு முறை இருக்கிறது. பைய ஊற்றி, ஏர் வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் திறந்து, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை இன்ஜினை ஓடவிட வேண்டும். மறுநாள் காலை ஆறிய இன்ஜினில் அளவைப் பார்த்தால் சிறிது குறைந்திருக்கும். அது உள்ளே சிக்கியிருந்த காற்று வெளியேறிய இடம், நிரப்பிவிடலாம். அதற்கடுத்த நாளும் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. அப்போது மூடியின் இடத்தில் கைப்பம்பு வைத்து அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடாமலேயே கசியும் இடம் ஈரமாகக் காட்டிக்கொடுத்துவிடும்.